சூரியன் போடும் இரைச்சலைப் படிப்பது எப்படி? மொட்டை மாடியிலிருந்து ஒரு வழிகாட்டி

முதலில் ஆண்டெனா வாங்காதீர்கள்.

நான் செய்த தப்பு அதுதான். மொட்டை மாடியில் செம்புக் கம்பியைக் கட்டி, மடிக்கணினியில் ஒரு ரிசீவரைச் செருகி உட்கார்ந்தேன். முதல் வாரமே வேட்டை. தினமும் காலை 7.10 வாக்கில் திரையின் மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று ஒரு கோடு, அரை நிமிடம் நின்று மறையும். சூரியனின் ரேடியோ வெடிப்பு என்று நம்பி நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அது 8.15க்கு வந்தபோதுதான் உறைத்தது. ஞாயிறு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுமா என்ன? கீழ்வீட்டில் சட்னி அரைக்கிறார்கள். மிக்ஸி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி தட்டினால் எல்லா அலைவரிசையிலும் இரைச்சல் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சூரியனின் ரேடியோ அலைகளை ஆராயும் இந்தத் துறையே இப்படி ஒரு குழப்பத்தில்தான் பிறந்தது என்பது பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1942 பிப்ரவரி கடைசியில் பிரிட்டன் ராணுவ ரேடார்களில் திடீரென்று பெரும் இரைச்சல். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஜெர்மன் போர்க்கப்பல்கள் ரேடாரைக் குழப்பிவிட்டு ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தப்பியிருந்தன. மறுபடியும் எதிரியின் வேலை என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்ற இயற்பியலாளர் மட்டும் இரைச்சல் வரும் திசையைக் கவனித்தார். அது சூரியனோடு நகர்ந்தது. கிரீனிச் வானாய்வகத்தில் விசாரித்தால், அன்று பெரிய கரும்புள்ளிக் கூட்டமொன்று சூரிய வட்டின் நடுவே இருந்தது. போர்க்கால ரகசியம் என்பதால் 1946இல்தான் இதை வெளியிட முடிந்தது.

ஹே எதிரி என்று எண்ணாமல் சூரியனைக் கண்டுபிடித்தார். நான் சூரியன் என்று எண்ணி மிக்ஸியைக் கண்டுபிடித்தேன். நீங்கள் என் வழியில் போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். வரிசை இதுதான்: முதலில் பிறர் பிடித்துவைத்த படங்களைப் படிக்கப் பழகுங்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் கம்பி வாங்கப் போகலாம்.

கோலமும் குடமும்

செய்திகளில் சோலார் ஃபிளேர் என்று வருவதைத்தான் இங்கே சூரியச் சுடர் என்கிறேன். அதன் அடியில் நடப்பது காந்த மறுஇணைப்பு. சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. புள்ளிகளைச் சுற்றிவரும் இரண்டு கோடுகள் ஓரிடத்தில் நெருங்கி வருகின்றன. அந்த இடத்தை மட்டும் விரலால் அழித்துவிட்டு, இந்தக் கோட்டின் முனையை அந்தக் கோட்டோடு சேர்த்துவிடுங்கள். ஒரே சுழியாக இருந்த கோலம் இரண்டு சுழியாகப் பிரிந்துவிடும். மாற்றம் விரல் அகலத்துக்குத்தான், ஆனால் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது கோலம் முழுக்க மாறிவிட்டது.

சூரியனில் எதிரெதிர்த் திசையில் போகும் காந்தக் கோடுகள் அழுத்தப்பட்டு நெருங்கும்போது இதுவே நடக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. கோலமாவுக்கு விறைப்பு கிடையாது, காந்தக் கோட்டுக்கு உண்டு. புதிதாகச் சேர்ந்த கோடுகள், இழுத்துப் பிடித்திருந்ததை விட்டதுபோல் இரு பக்கமும் சட்டென்று விலகி ஓடும். அவற்றில் தேங்கியிருந்த ஆற்றல் வெப்பமாகவும் வேகமான எலெக்ட்ரான்களாகவும் வெளியேறும். இவ்வளவு சீக்கிரம் எப்படி நடக்கிறது என்பது பழைய சண்டை. 1950களின் கடைசியில் ஸ்வீட், பார்க்கர் என்ற இரு இயற்பியலாளர்கள் போட்ட கணக்கில், நிமிடங்களில் முடியவேண்டிய காரியம் மாதக்கணக்கில் இழுத்தது. 1964இல் பெட்செக் வேகமான வழி ஒன்றைச் சொன்னார். விவாதம் இன்னும் ஓயவில்லை. தொடக்கத்தில் நமக்கு அது தேவையில்லை.

நமக்குத் தேவை அந்த எலெக்ட்ரான்கள். மறுஇணைப்பு நடக்கும் இடத்திலிருந்து சில கீழே பாய்ந்து காந்த வளைவுகளுக்குள் மாட்டிக்கொண்டு சுழலும். அவை தருவது பெரும்பாலும் நுண்ணலை, சில கிகாஹெர்ட்ஸ் பகுதி. கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள ஆண்டெனா வரிசை, 2017 செப்டம்பர் 10 அன்று வந்த எக்ஸ் 8.2 சுடரை (எக்ஸ் என்பது சுடர்களில் மிக உயர்ந்த தரம்) இந்த நுண்ணலையில் படம் பிடித்தது. சுடர் நடந்த இடத்தில் காந்தப்புலம் விநாடிக்கு சுமார் 5 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வீதம், இரண்டு நிமிடம்போலக் குறைந்துகொண்டே வந்ததை அதிலிருந்து கணித்தார்கள். 2020இல் அது வெளியானது. சுடருக்கு வேண்டிய ஆற்றல் காந்தப்புலத்திலிருந்து கழிகிறது என்பதை வங்கிப் பாஸ்புக்கில் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டார்கள். அந்த அளவுக்கு நம் மாடி எட்டாது.

நம் கைக்கு எட்டுவது மேல்நோக்கிப் பாயும் எலெக்ட்ரான்கள். சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனா வழியாக (2020க்குப் பிறகு இந்தச் சொல்லைச் சொன்னாலே ஆட்கள் முகக்கவசம் தேடுகிறார்கள்) அவை போகும்போது, போகும் இடத்துப் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் கொண்ட சூடான வாயுவை, அதிரவைக்கின்றன. அந்த அதிர்வின் ஒரு பங்கு ரேடியோ அலையாக மாறி நம்மிடம் வருகிறது. அதன் அதிர்வெண் அந்த இடத்தில் எலெக்ட்ரான் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

குழாயடியில் குடம் வைத்துவிட்டு அடுப்படியில் வேலையாக இருப்போம். தண்ணீர் ஏற ஏற சத்தம் கூர்மையாகும். குடத்தைப் பார்க்காமலே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காது சொல்லிவிடும். நாம் செய்யப்போவது அதுதான். ரேடியோ அதிர்வெண்ணை வைத்து, எலெக்ட்ரான் கரோனாவில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லப்போகிறோம். அடர்த்தியான அடிப்பகுதியில் அதிர்வெண் அதிகம். மேலே போகப்போக அடர்த்தி குறையும், அதிர்வெண்ணும் இறங்கும்.

படி 1: ஒரே ஒரு சூத்திரம்

ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலெக்ட்ரான் இருக்கிறது என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்குங்கள். விடை கிலோஹெர்ட்ஸில் அதிர்வெண். 10 கோடி எலெக்ட்ரான் என்றால் வர்க்கமூலம் 10,000, பெருக்கினால் 90,000 கிலோஹெர்ட்ஸ், அதாவது 90 மெகாஹெர்ட்ஸ். நம் எஃப்எம் ரேடியோ இருக்கும் இடம். 100 கோடி என்றால் ஏறத்தாழ 285 மெகாஹெர்ட்ஸ். 1 கோடி என்றால் 28 சொச்சம்.

அடர்த்தியிலிருந்து உயரத்துக்குப் போக, கரோனாவின் அடர்த்தி எப்படிக் குறைகிறது என்று சொல்லும் கணித மாதிரி ஒன்று வேண்டும். 1961இல் நியூகிர்க் என்ற சூரிய ஆய்வாளர் தந்தது இன்றும் புழக்கத்தில் உண்டு. அதன்படி, சூரியனின் மையத்திலிருந்து சூரிய ஆரங்களில் அளந்தால், 160 மெகாஹெர்ட்ஸ் 1.11இலும், 80 மெகாஹெர்ட்ஸ் 1.32இலும், 40 மெகாஹெர்ட்ஸ் 1.62இலும், 20 மெகாஹெர்ட்ஸ் 2.09இலும் பிறக்கின்றன. இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவையுங்கள். நான் ஒட்டியிருப்பது மூன்று வருடத்தில் மஞ்சளாகிவிட்டது, இன்னும் அதைத்தான் பார்க்கிறேன்.

படி 2: பிறர் பிடித்த படத்தைத் திறப்பது

இ-காலிஸ்டோ என்று ஓர் உலகளாவிய வலைப்பின்னல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஈடிஎச் நிறுவனத்தில் கிறிஸ்டியன் மான்ஸ்டைன் வடிவமைத்த மலிவான காலிஸ்டோ கருவியைப் பல நாடுகளில் நட்டிருக்கிறார்கள். 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை அது பார்க்கும். வழக்கமான அமைப்பில் 200 அலைவரிசை, விநாடிக்கு 4 முறை. ஊட்டியில் ஒன்று, பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் ஒன்று என்று நம் பக்கத்திலும் நிலையங்கள் உண்டு. தரவு இலவசம், பதிவுகூட வேண்டாம்.

கோப்புகள் 15 நிமிடத் துண்டுகள். கோப்பின் பெயரிலேயே நிலையம், தேதி, தொடங்கிய நேரம் எல்லாம் இருக்கும். புதியவர்கள் சறுக்குவது அந்த நேரத்தில்தான். அது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும்.

பயிற்சிக்கு 2024 மே 10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3664 என்று எண்ணிட்ட பெரிய கரும்புள்ளிக் கூட்டம் அந்த வாரம் முழுக்க வெடித்துக்கொண்டே இருந்தது. மே 10 அன்று ஓர் எக்ஸ் 3.9 சுடர், உச்சம் பொது நேரம் 06:54. நம் நேரம் பகல் 12.24, சூரியன் நம் உச்சந்தலையில். ஆகவே 06:30, 06:45 ஆகிய இரண்டு துண்டுகளையும் இறக்குங்கள். ஒரு நிலையத்தில் இல்லையென்றால் அந்நேரம் பகலாக இருந்த இன்னொரு நிலையத்தில் தேடுங்கள்.

மாறாக, 2024 அக்டோபர் 3 அன்று வந்த எக்ஸ் 9.0 சுடரின் உச்சம் 12:18. நமக்கு மாலை 5.48, சூரியன் அடிவானத்தைத் தொடப்போகும் நேரம். அதற்கு ஐரோப்பிய நிலையங்களைப் பாருங்கள். தேடும் முன்னால் 'அந்த நேரத்தில் அந்த ஊரில் வெயில் இருந்ததா?' என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் நிறைய நேரத்தை மிச்சம்பிடிக்கும்.

படத்தைத் திறந்ததும் முதலில் அச்சைப் பாருங்கள். கிடையாக நேரம், செங்குத்தாக அதிர்வெண். சில படங்களில் அதிக அதிர்வெண் மேலே இருக்கும், சிலவற்றில் கீழே. இதைக் கவனிக்காமல், இறங்கும் வெடிப்பை ஏறுகிறது என்று எழுதியவர்கள் உண்டு. என் நோட்டுப் புத்தகத்திலேயே இரண்டு பக்கம் அப்படி அடித்து வைத்திருக்கிறேன்.

படி 3: குப்பையைக் கழிப்பது

திறந்தவுடன் சூரியன் தெரியாது. ஊர்தான் தெரியும். 88 முதல் 108 வரை ஆடாமல் அசையாமல் தடிமனான கிடைப்பட்டைகள் இருந்தால் அவை எஃப்எம் நிலையங்கள். சம இடைவெளியில் ஏணிப்படிபோல் அடுக்கடுக்காக நின்று மெதுவாக நெளிவது மலிவான எல்இடி விளக்கின் டிரைவரோ மொபைல் சார்ஜரோ. எல்லா அலைவரிசையிலும் ஒரே கணத்தில் நெட்டுக்குத்தாக வரும் கோடு மின்னல், சுவிட்ச், அல்லது நம் மிக்ஸி.

நெட்டுக்குத்து என்பதுதான் துப்பு. பொறி தட்டினால் 200 மெகாஹெர்ட்ஸும் 50 மெகாஹெர்ட்ஸும் ஒன்றாகவே வரும். சூரியனிலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை முதலில் அடியில் இருந்து பிறகு மேலே போகிறது, அதனால் 200 முன்னால் வரும், 50 பின்னால் வரும். கோடு சாய்ந்திருக்கும். சில விநாடிச் சாய்வுதான். 15 நிமிடப் படத்தில் அது நேர்க்கோடுபோலவே தெரியும், எனவே பெரிதாக்கிப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

பைதான் தெரிந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கோப்பு வானியலில் வழங்கும் ஃபிட்ஸ் வடிவம், பைதானின் ஆஸ்ட்ரோபை நூலகம் திறந்துவிடும். உள்ளே 200 வரிசை, 3,600 நெடுவரிசை கொண்ட எண் கட்டம், ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள். ஒவ்வொரு வரிசைக்கும் அதன் இடைநிலை மதிப்பைக் கண்டு அந்த வரிசையிலிருந்து கழியுங்கள். மாறாமல் கத்திக்கொண்டிருக்கும் எஃப்எம் காரர்கள் மங்கிப்போவார்கள், மாறுவது மட்டும் மேலே வரும். மேல்மாவு நீக்கியதும் அடியில் கோலம் தெரிவதுபோல் இருக்கும் அந்தக் கணம். பைதான் தெரியாதவர்கள் இ-காலிஸ்டோ வலைத்தளத்தில் தயாராக இருக்கும் படங்களை வைத்தே ஓட்டலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

சந்தேகம் தீராவிட்டால் கடைசிப் பரீட்சை: அதே விநாடியில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு நிலையத்திலும் அது இருக்கிறதா? சூரியனைப் பாதி உலகம் பார்க்கிறது. உங்கள் கீழ்வீட்டு மிக்ஸியைப் பார்க்காது.

படி 4: வகை பிரிப்பது

ஆஸ்திரேலியாவில் பால் வைல்டும் லிண்ட்சே மெக்ரெடியும் 1950இல் வெடிப்புகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பிறகு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பெயர் வைக்கச் சோம்பல்பட்டு எண் போட்டுவிட்டார்கள், நாமும் அதையே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் வகையிலிருந்து தொடங்குங்கள். அதுதான் அடிக்கடி கிடைக்கும். ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வேகம் கொண்ட எலெக்ட்ரான் கற்றை, திறந்த காந்தக் கோடு வழியாக வெளியே ஓடும் தடம் அது. சில விநாடிகளில் நூறு மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடும். தனியாகவும் வரும், பத்துப் பதினைந்து சேர்ந்து சீப்புப் பற்கள்போலவும் வரும்.

இரண்டாம் வகை நிதானம். கரோனாவில் ஒலியைவிட வேகமாகப் போகும் அதிர்ச்சி அலை எழுப்புவது. நிமிடக்கணக்கில் நெளிந்து இறங்கும். பல நேரம் இரட்டையாக, ஒன்றின் அதிர்வெண் மற்றொன்றின் இரு மடங்காக இருக்கும். இதைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம், உலகில் எந்த சார்ஜரும் இப்படிச் செய்யாது.

முதலாம் வகை சுடரோடு சம்பந்தமில்லாமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் பொரிந்துகொண்டே இருக்கும் இரைச்சல் புயல். நான்காம் வகை பெரிய சுடருக்குப் பிறகு படரும் அகலமான பளபளப்பு. ஐந்தாவது, மூன்றாவதின் வால்போல ஒட்டிவரும் பூச்சு.

எனக்குப் பிடித்தது யு வடிவ வெடிப்பு. எலெக்ட்ரான் கற்றை திறந்த கோட்டில் போகாமல் மூடிய காந்த வளைவில் ஏறிவிட்டால், உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கும். அதிர்வெண்ணும் இறங்கிப் பிறகு ஏறும். ஒரு வளைவின் உருவத்தை அப்படியே சத்தத்தில் வரைந்துவிடுகிறது. 1958இல் இதை முதலில் அடையாளம் காட்டியவர்கள் ஆலன் மேக்ஸ்வெல்லும் கோவிந்த் ஸ்வரூப்பும். அதே ஸ்வரூப்தான் பிறகு ஊட்டியில், ஊரின் அட்சரேகைக்குச் சமமாகச் சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை எழுப்பியவர்.

இன்னொன்றும் அபூர்வமாகக் கண்ணில் படும். ஓர் அதிர்வெண்ணில் தொடங்கி ஒரு கிளை கீழும் மற்றொரு கிளை மேலுமாகப் பிரியும் வெடிப்பு. மேலே ஓடிய கற்றை ஒன்று, சூரியனை நோக்கிப் பாய்ந்தது மற்றொன்று. பிரியும் அந்த அதிர்வெண்ணை வைத்து எலெக்ட்ரான்கள் முடுக்கப்பட்ட இடத்தின் அடர்த்தியைச் சொல்லிவிடலாம். கோலத்தில் விரல் வைத்து அழித்த இடத்துக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோவது இந்தப் படம்தான்.

படி 5: கணக்கு

ஒரு மூன்றாம் வகை வெடிப்பு 80 மெகாஹெர்ட்ஸில் ஒரு கணத்திலும், 40 மெகாஹெர்ட்ஸில் அதற்கு 2.5 விநாடி கழித்தும் பிரகாசமாகிறது என்று வைத்துக்கொள்வோம். துண்டுச் சீட்டைப் பாருங்கள். 80 என்றால் 1.32 ஆரம், 40 என்றால் 1.62 ஆரம். வித்தியாசம் 0.30. சூரியனின் ஆரம் 6,96,000 கிலோமீட்டர், எனவே கற்றை கடந்த தூரம் ஏறத்தாழ 2,09,000 கிலோமீட்டர். 2.5ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 83,500 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் கால் பங்குக்கும் கொஞ்சம் மேல்.

இனி இதே 80லிருந்து 40க்கு இறங்க 4 நிமிடம் எடுத்துக்கொண்ட இரண்டாம் வகை ஒன்றைப் பாருங்கள். தூரம் அதே 2,09,000. 240 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 870 கிலோமீட்டர். வந்த வழி ஒன்றுதான், வந்தது எலெக்ட்ரானா அதிர்ச்சி அலையா என்பதைச் சாய்வே சொல்லிவிட்டது. முதல்முறை இந்த இரண்டு எண்களும் என் கால்குலேட்டரில் வந்தபோது, பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி நடந்ததை வகுத்தல் கணக்கில் பிடித்துவிட்டோமே என்று எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

விடையை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். பிளாஸ்மா தன் அடிப்படை அதிர்வெண்ணிலும் ஒலிபரப்பும், அதன் இரு மடங்கிலும் ஒலிபரப்பும். நாம் பார்த்தது இரு மடங்கு அலை என்றால், 80 உண்மையில் 40இன் உயரத்திலும், 40 உண்மையில் 20இன் உயரத்திலும் பிறந்தவை. தூரம் 1.62லிருந்து 2.09 வரை. வேகம் விநாடிக்கு 1,30,000 கிலோமீட்டர் ஆகிவிடும். அதோடு, காலிஸ்டோ விநாடிக்கு நான்கு முறைதான் பார்க்கிறது, 2.5 விநாடி என்பது வெறும் 10 கட்டம். ஒரு கட்டம் தவறினால் பத்தில் ஒரு பங்கு பிழை. ஆகவே 'ஒளி வேகத்தில் கால் பங்கிலிருந்து பாதிக்குள்' என்று எழுதுங்கள். தசம எண்களை வரிசையாக எழுதுவது அழகாகத்தான் இருக்கும், அர்த்தம் இருக்காது.

படி 6: சாட்சி தேடுவது

அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் சூரியனின் எக்ஸ் கதிரை இடைவிடாமல் அளக்கின்றன. சுடர்களுக்கு ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் வைப்பது அந்த அளவில்தான். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்கு. வரைபடத்தை யாரும் பார்க்கலாம். உங்கள் வெடிப்பு நேரத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

சுடரின் உச்சத்தில் வெடிப்பைத் தேடாதீர்கள். எலெக்ட்ரான்கள் பாய்வது முதலில், அவை சூடாக்கிய வாயு எக்ஸ் கதிரில் ஒளிர்ந்து உச்சம் தொடுவது பிறகு. எனவே வளைகோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் தேடுங்கள், மூன்றாம் வகை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மே 10 பயிற்சிக்கு 06:30 துண்டையும் சேர்த்து இறக்கச் சொன்னது இதனால்தான்.

இரண்டும் எப்போதும் பொருந்தும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். எக்ஸ் கதிரில் ஒன்றுமே தெரியாத குட்டி வெடிப்பு அருமையான மூன்றாம் வகையைத் தரும். திறந்த காந்தக் கோடு கிடைக்காத பெரிய சுடர் நாம் பார்க்கும் அலைவரிசைகளில் வாயே திறக்காது.

அமெரிக்க விண்வெளி வானிலை மையம் ஒவ்வொரு நாளும் நிகழ்வுப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் ஆர்எஸ்பி என்று குறித்த வரிகள் ரேடியோ வெடிப்புகள். பக்கத்தில் ரோமன் எண்ணில் வகையும், 1 முதல் 3 வரை வலிமையும் இருக்கும். பரீட்சை எழுதிவிட்டு விடைத்தாளைப் பார்ப்பதுபோல், முதலில் நீங்களே வகை எழுதுங்கள், பிறகு இதைத் திறங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தால் கண் பழகிவிடும்.

படி 7: சரி, இப்போது கம்பி

மாதம் ஒன்றாயிற்று, ஆசை அடங்கவில்லை என்றால் கட்டலாம்.

எளிய இருமுனை ஆண்டெனா போதும். 142.5ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 60 மெகாஹெர்ட்ஸுக்கு 2.38 மீட்டர், நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 1.19. சாதாரணச் செம்புக் கம்பி, நடுவில் டிவி கேபிள். உயரமான கம்பம் தேவையில்லை. தளத்திலிருந்து கால் அலைநீளம், அதாவது 1.25 மீட்டர் உயரத்தில் கட்டினால் தலைக்கு மேலே நன்றாகக் கேட்கும். கம்பியைத் தெற்கு வடக்காகக் கட்டுங்கள். ஆண்டெனாவின் முனை நோக்கும் திசைதான் அதற்குச் செவிட்டுத் திசை. நம் ஊரில் சூரியன் கிழக்கில் எழுந்து ஏறக்குறைய உச்சிவழியாக மேற்கே போவதால், தெற்கு வடக்குக் கம்பிக்கு நாள் முழுக்க அது கண்ணில் இருக்கும். கேபிளை ஆண்டெனா அருகே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, கிடைத்தால் ஒரு ஃபெரைட் வளையமும் மாட்டுங்கள். வீட்டு இரைச்சல் கேபிளின் வெளிப்புறமாக ஏறி வருவதை அது குறைக்கும்.

ரிசீவருக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் எனப்படும் யுஎஸ்பி குச்சி. டிவி பார்ப்பதற்காக வந்தது, பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள் கையில் வேறு பிறவி எடுத்துவிட்டது. ஒரு நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் அது பார்க்கும். அகலமாக வருடச் சொன்னால் ஒரு சுற்று முடிவதற்குள் மூன்றாம் வகை ஓடிப்போய்விடும். ஆகவே அமைதியான ஒரே அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்து அதன் வலிமையை மட்டும் விநாடிதோறும் பதியுங்கள். சாய்வு தெரியாது, மேடு தெரியும். அந்த மேடு சூரியன்தானா என்று ஊட்டிப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். நகருக்குள் இருப்பவர்கள் எஃப்எம் அலையை வெட்டும் வடிகட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து எஃப்எம் கோபுரம் குச்சியைத் திணறடித்துவிடும்.

அமைதியான நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று கம்பியைச் சந்தேகப்படாதீர்கள். இந்த அலைவரிசைகளில் இருமுனை ஆண்டெனாவுக்குச் சாதாரணச் சூரியன் கேட்காது. பால்வெளியின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். வெடித்தால்தான் சூரியன் மேலே வரும். நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டத்துக்காரர்கள் 20.1 மெகாஹெர்ட்ஸில் கேட்பதும் இப்படித்தான். ஸ்பீக்கரில் ஒரு மூன்றாம் வகை, கடற்கரையில் அலை வந்து உடைந்து பின்வாங்குவதுபோல ஒலிக்கும். விறுவிறுவென்று ஏறி, அவசரமில்லாமல் தேய்ந்துபோகும்.

சாதாரணச் சூரியனையே பிடிக்க ஆசையா? பழைய டிடிஎச் தட்டும், டிஷ் பொருத்துகிறவர்கள் வைத்திருக்கும் சேட்டிலைட் ஃபைண்டரும் போதும். தட்டைச் சூரியன் பக்கம் திருப்பினால் ஃபைண்டர் முள் ஏறும், பீப் உயரும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் பகலில் சில நிமிடம் சேனல் அறுந்து போகுமே, அதுவும் இதுதான். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நின்றுகொள்கிறது. தட்டைத் திருப்பும்போது தப்பித் தவறியும் கண்ணால் சூரியனைக் குறிபார்க்காதீர்கள். தட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியின் நிழல் தட்டில் விழும் இடத்தைப் பார்த்துத் திருப்பினால் போதும்.

இடி மின்னல் காலத்தில், குறிப்பாகச் சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசியிலும், வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஒரு குச்சி போனால் பரவாயில்லை, மடிக்கணினி போனால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

கம்பி கட்ட மாடியில்லாதவர்களுக்கு

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நெல்லைப் பக்கம் விஜயநாராயணத்தில், ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறார்கள். இது கணினியின் ஒலி அட்டையே அளக்கக்கூடிய அதிர்வெண். ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தில் ஐம்பது சுற்று இன்சுலேஷன் கம்பி சுற்றி, சிறு பெருக்கி வழியாக மைக் துளையில் கொடுத்து அந்த அலையின் வலிமையை நாள் முழுக்கப் பதியலாம். பகலில் சூரியச் சுடர் வந்தால் அதன் எக்ஸ் கதிர் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியை மாற்றும், வரைகோடு சட்டென்று எகிறும் அல்லது சரியும். இது சூரியனின் ரேடியோ அலை இல்லை, சூரியன் நம் வானத்தைத் தட்டிவிட்டதன் எதிரொலி. தளத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு நேரடி அலையே மேலோங்கும், கொஞ்சம் தொலைவில் இருப்பது நல்லது. விடியலிலும் அந்தியிலும் தினமும் கோடு ஒரு வளைவு வளைந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எந்த வழியில் போனாலும் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பொது நேரம், நம் நேரம், அதிர்வெண், என்ன வகை என்று நினைக்கிறேன், பட்டியலில் என்ன வகை. கடைசியில் வீட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்ன என்று ஒரு பத்தி. என்னுடையதில் அந்தக் கடைசிப் பத்திதான் அதிகம் நிரம்பியிருக்கிறது: கிரைண்டர், மோட்டார், எதிர்வீட்டுக் கல்யாண சீரியல் செட், மறுபடியும் கிரைண்டர்.